எல்க் வேட்டை: ஈயக் குண்டா, செம்புக் குண்டா? சுட்டவர் வீடு திரும்பிய பிறகும் வேலை செய்யும் தோட்டா!

அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரை ஒட்டிய மாநிலங்களில் இது வருஷா வருஷம் கிளம்பும் சண்டை. கொலராடோ, வயோமிங், மொன்டானா, ஐடஹோ என எங்கு போனாலும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் ரைஃபிள் வேட்டைக் காலம். அந்த நேரத்தில் துப்பாக்கிக் கடைகளிலும் வேட்டை முகாம்களிலும் அடிபடும் கேள்வி இதுதான்: எல்க் மானைச் சுட ஈயக் குண்டு நல்லதா, செம்புக் குண்டு நல்லதா?

கேட்க ரொம்பச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஐபோனா, ஆண்ட்ராய்டா என்பது போல அவரவர் விருப்பம்தானே என்று தோன்றும். ஆனால், இந்த ஒரு கேள்விக்குள் ஒரு பறவை இனத்தின் உயிர், குழந்தைகள் சாப்பிடும் உணவு, ஏழை வேட்டைக்காரரின் பர்ஸ், துப்பாக்கி அரசியல் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எல்க் என்றால் என்ன?

வட அமெரிக்காவின் மிகப் பெரிய மான் இனங்களில் ஒன்று எல்க். வாபிட்டி என்றும் பெயர் உண்டு. நம்மூர் கடமானைப் பார்த்தவர்கள் அதைவிடப் பருமனான ஒரு விலங்கைக் கற்பனை செய்துகொள்ளலாம். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். பெண் எல்க் 220 கிலோவுக்கு மேல் இருக்கும். உலகிலேயே அதிக எல்க் இருப்பது கொலராடோவில்தான். அங்கு மட்டும் சுமார் 2.8 லட்சம்.

இந்தியாவில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்ற நிலை. அமெரிக்காவில் அப்படி இல்லை. எந்த மாதத்தில், எந்தப் பகுதியில், ஆணா பெண்ணா, எத்தனை என்று அரசு கணக்குப் போட்டு உரிமம் கொடுக்கிறது. 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி உண்டு. அந்தப் பணம் வன உயிர்ப் பாதுகாப்புக்கே போகிறது. 'காட்டைக் காப்பாற்றுவதே நாங்கள்தான்' என்று அமெரிக்க வேட்டைக்காரர்கள் பெருமையாகச் சொல்வதற்கு இதுதான் அடிப்படை. அந்தப் பேச்சில் நியாயமும் இருக்கிறது.

இறைச்சிக் கணக்கும் முக்கியம். ஒரு எல்க்கிலிருந்து எலும்பு நீக்கிய இறைச்சி மட்டும் 70 முதல் 100 கிலோ வரை கிடைக்கும். ஒரு குடும்பத்துக்கு வருஷம் முழுக்க வரும். கொம்பைச் சுவரில் மாட்டுவதற்காக மட்டும் போகிறவர்கள் உண்டுதான். ஆனால், ஃப்ரீசரை நிரப்புவதற்காகவே போகும் சாதாரணக் குடும்பங்கள் ஏராளம். இந்தச் சண்டையில் அவர்களை மறந்துவிடக் கூடாது.

குண்டுக்குள் என்ன இருக்கிறது?

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பித்தளைக் குப்பி, அதற்குள் வெடிமருந்து, நுனியில் பாயும் உலோகம் எல்லாம் சேர்ந்தது தோட்டா. அந்த நுனியில் இருப்பதுதான் குண்டு. இங்கே பேச்சு அந்தக் குண்டைப் பற்றி மட்டும்.

இன்னொரு குழப்பம், ஈயம். பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் அதுவே. குண்டில் இருப்பது காரீயம். பழைய பெயின்ட், பழைய பெட்ரோல், பேட்டரி என்று எங்கிருந்தாலும் விஷமாகத்தான் பேசப்படும் அதே உலோகம்.

வழக்கமான வேட்டைக் குண்டின் நடுவில் இந்தக் காரீயம் இருக்கும். வெளியே மெல்லிய செம்பு உறை. ஈயம் அடர்த்தியானது, ஒரு கன சென்டிமீட்டர் 11.3 கிராம். மென்மையானது; விலையும் குறைவு. உடலில் பட்டதும் குண்டின் முனை நசுங்கிக் காளான் போல விரியும். அப்படி விரிந்தால்தான் காயம் பெரிதாகி விலங்கு சீக்கிரம் சாகும். விரியாத குண்டு ஊசி போல ஓட்டை போட்டுவிட்டு வெளியே போய்விடும். விலங்கு வலியோடு மைல் கணக்கில் ஓடும். அதனால் 'விரிவது' என்பது வேட்டையில் ஒரு கருணை விஷயமும்கூட.

சிக்கல் எங்கே என்றால், வேகமாகப் போகும் ஈயம் விரிவதோடு நிற்பதில்லை. சிதறுகிறது. குண்டின் எடையில் கணிசமான பங்கு துகள்களாக உடைந்து சதைக்குள் தெறிக்கிறது. பல துகள்கள் கண்ணுக்கே தெரியாது.

செம்புக் குண்டு வேறு மாதிரி. முழுக்கச் செம்பு அல்லது செம்புக் கலவை. முனையில் ஒரு குழி. உடலில் பட்டதும் அந்தக் குழிக்குள் ஏறும் அழுத்தத்தால் முனை நாலைந்து இதழ்களாகப் பிரிந்து பூப்போல விரியும். பெரும்பாலும் உடையாது. விலங்கின் உடலிலிருந்து எடுத்து எடை போட்டால் பழைய எடையில் 90 சதவீதத்துக்கு மேல் அப்படியே இருக்கும்.

செம்புக் குண்டு வந்த கதை

ஈயக் குண்டை எதிர்த்து முதலில் யோசித்தவர்கள் பறவை ஆர்வலர்கள் என்று நினைத்தால் அது தப்பு. வேட்டைக்காரர்கள்தான் யோசித்தார்கள். காரணமும் வேறு. பெரிய விலங்கின் கனத்த எலும்பில் பட்டதும் ஈயக் குண்டு உடைந்து, ஆழமாகப் போகாமல் நின்றுவிடுவது அவர்களுக்குப் பெரிய தலைவலி.

1946-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் என்பவர் மூஸ் வேட்டைக்குப் போனார். அவருடைய குண்டுகள் ஆழமாகப் போகவில்லை. ஊருக்குத் திரும்பியவர், நடுவில் ஒரு செம்புத் தடுப்புச் சுவர் வைத்து, முன்பாதி ஈயம் உடைந்தாலும் பின்பாதி உடையாமல் உள்ளே போகும்படி ஒரு குண்டை வடிவமைத்தார். 1948-ல் விற்பனைக்கு வந்த அதன் பெயர் 'பார்ட்டிஷன்'. இன்றும் எல்க் வேட்டையில் அதற்குத் தனி மரியாதை.

அடுத்த தாவல் 1989-ல். பார்ன்ஸ் நிறுவனத்தின் ராண்டி ப்ரூக்ஸ், ஈயத்தையே எடுத்துவிட்டு முழுச் செம்பில் செய்த 'எக்ஸ்' குண்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஈயம் இல்லையென்றால் பிரிந்து சிதற ஒன்றுமே இல்லை என்பதுதான் யோசனை. ஆரம்பத்தில் குழல் சீக்கிரம் அழுக்காகிறது, குறி சரியாக அமையவில்லை என்று புகார்கள் வந்தன. பிறகு குண்டின் உடலில் பள்ளங்கள் வெட்டி, முனையில் பிளாஸ்டிக் நுனி வைத்து மேம்படுத்தினார்கள். இன்று ஹார்னடி, ஃபெடரல், நோஸ்லர் என எல்லாப் பெரிய நிறுவனங்களும் செம்புக் குண்டு விற்கின்றன.

ஆக, செம்புக் குண்டு சுற்றுச்சூழல் சட்டத்துக்குப் பயந்து பிறந்த ஒன்றில்லை. பெரிய விலங்கைச் சரியாகச் சாய்க்க வேண்டும் என்ற தேவையில் பிறந்தது. இந்த வரலாற்றை இரண்டு தரப்புமே மறந்துவிட்டுப் பேசுவதுதான் வேடிக்கை.

சரி, எல்க் விழுமா?

விழும். ஆனால், சுடுபவர் சில விஷயங்களை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒன்று, வேகம். செம்பு கெட்டியானது. விரிய வேண்டுமென்றால் விலங்கில் படும்போது நல்ல வேகம் இருக்க வேண்டும். விநாடிக்குச் சுமார் 2,000 அடி இருந்தால் கவலையில்லை. 1,800-க்குக் கீழே போனால் பல செம்புக் குண்டுகள் சரியாக விரிவதில்லை. 30-06 போன்ற சாதாரண எல்க் ரைஃபிளில் 300 கஜம் வரை அந்த வேகம் இருக்கும். எல்க் வேட்டையில் பெரும்பாலான நியாயமான ஷாட்டுகள் அந்தத் தூரத்துக்குள்தான். 600, 700 கஜத்தில் சுடுவேன் என்பவருக்குச் செம்பு ஒத்துவராது. அந்தத் தூரத்தில் ஒரு உயிரைச் சுடலாமா என்பதே தனிக் கேள்வி.

இரண்டு, எடை. செம்பின் அடர்த்தி ஈயத்தைவிடக் குறைவு. ஒரு கன சென்டிமீட்டர் 9 கிராம்தான். அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகிவிடும். நீளமான குண்டைக் குழலுக்குள் இருக்கும் திருகுவரிகள் சரியாகச் சுழற்ற முடியாமல் போகலாம். அதனால் குண்டின் எடையில் ஒரு படி இறங்க வேண்டும். ஈயத்தில் 180 கிரெய்ன், அதாவது சுமார் 11.7 கிராம் பயன்படுத்தியவர், செம்பில் 165 அல்லது 150 கிரெய்ன் எடுப்பார். எடை குறைவதால் வேகம் கூடும். செம்புக்குத் தேவையும் அதுதான்!

மூன்று, பயிற்சி. ஈயத்துக்குக் குறி வைத்த ரைஃபிளில் செம்பைப் போட்டால் குண்டு வேறு இடத்தில் போய்ப் படும். சுடுதளத்துக்குப் போய், குறைந்தது ஒன்றிரண்டு பெட்டித் தோட்டாவைச் செலவழித்துக் குறியைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். 'செம்பு வேலைக்கு ஆகாது' என்ற புகார்களில் பல, இந்த வேலையைச் செய்யாமல் நேராகக் காட்டுக்குப் போனவர்களிடமிருந்து வருகிறது.

வடக்கு டகோட்டாவின் தியோடர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்காவில் எல்க் எண்ணிக்கை அளவுக்கு மீறிப் பெருகியபோது, 2010-ல் தன்னார்வலர்களை வைத்துக் குறைத்தார்கள். ஈயமில்லாத தோட்டா மட்டும்தான் அனுமதி. அந்தச் சுடுதல்களைப் பதிவு செய்து பார்த்த ஆய்வு, எல்க்கைச் சாய்க்க இந்தக் குண்டுகள் போதுமானவை என்றே சொன்னது. டென்மார்க்கில் மான்களை வைத்து நடந்த ஆய்வும் நடைமுறையில் பெரிய வித்தியாசம் இல்லை என்ற முடிவுக்கே வந்தது.

சொல்லப்போனால் எல்க்தான் செம்புக்கு ரொம்பப் பொருத்தமான விலங்கு. கனத்த தோள் எலும்பு, ஆழமான மார்புக்கூடு. அதற்குத் தேவை உடையாமல் உள்ளே போகும் குண்டு. ஈயக் குண்டில் அந்தக் குணத்தைக் கொண்டுவர உறையோடு ஈயத்தை ஒட்டவைப்பது, நடுச்சுவர் வைப்பது என்று பல வித்தைகள் செய்ய வேண்டியிருக்கிறது. செம்புக்கு அது பிறவிக் குணம்.

இதோடு விஷயம் முடிந்திருந்தால், 'எது வேணுமோ அதை வாங்குங்க' என்று விட்டுவிடலாம். ஆனால், குண்டின் வேலை எல்க் விழுந்ததோடு முடிவதில்லை.

குடல் குவியலில் நடப்பது

300 கிலோ விலங்கை மலையிலிருந்து முழுசாகத் தூக்கி வர முடியாது. விழுந்த இடத்திலேயே வயிற்றைக் கிழித்து, குடல், நுரையீரல் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு இறைச்சியை மட்டும் கொண்டுவருவார்கள். இந்த மிச்சத்தை ஆங்கிலத்தில் 'கட் பைல்' என்பார்கள். குடல் குவியல். பெரும்பாலும் குண்டு பாய்ந்தது நெஞ்சில்தான். எனவே சிதறிய ஈயத்தில் நிறைய இந்தக் குவியலில் கிடக்கும்.

வேட்டைக்காரர் கிளம்பியதும் விருந்தாளிகள் வருகிறார்கள். ரேவன் எனப்படும் பெரிய அண்டங்காக்கைகள், வெண்தலைக் கழுகுகள், பொன்னிறக் கழுகுகள், கரடிகள், நரிகள். வயோமிங்கின் ஜாக்சன் ஹோல் பள்ளத்தாக்கில் நடந்த ஒரு சோதனையில், துப்பாக்கிச் சத்தம் கேட்ட திசை நோக்கியே ரேவன்கள் பறந்து வந்தது தெரிந்தது. சாப்பாட்டு மணி அடித்தது போல! 2005-ல் அதை வெளியிட்ட ஆய்வாளரின் பெயர் க்ரோ வைட். காக்கையை ஆராய்ந்தவரின் பெயரிலேயே காக்கை.

அந்தச் சாப்பாட்டில் என்ன இருக்கிறது? 2006-ல் வெளியான ஆய்வு ஒன்று வேட்டையில் சுடப்பட்ட 38 மான்களின் உடல்களையும் மிச்சங்களையும் எக்ஸ்ரே எடுத்தது. 20 குடல் குவியல்களில் 18-ல் உலோகத் துகள்கள். அவற்றில் பாதியில் நூற்றுக்கும் மேல். அதே ஆய்வில் செம்புக் குண்டால் சுடப்பட்ட 4 மான்களில் கிடைத்தது எல்லாம் சேர்த்து 6 துகள்கள்.

கழுகின் இரைப்பை அமிலம் எலும்பையே கரைக்கும். ஈயத் துகளையும் கரைத்து ரத்தத்தில் கலக்கிவிடும். ஜாக்சன் ஹோல் பகுதியில் ரேவன்களின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, வேட்டைக் காலத்தில் 47 சதவீதப் பறவைகளில் ஈயம் கூடுதலாக இருந்தது. வேட்டை இல்லாத மாதங்களில் அது வெறும் 2 சதவீதம். அதே பறவை, அதே காடு. மாறியது சீசன் மட்டும்.

2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இன்னும் பெரியது. 38 மாநிலங்களைச் சேர்ந்த 1,210 கழுகுகள். அவற்றில் ஏறக்குறைய பாதியின் எலும்பில், பல முறை ஈயம் உண்டதற்கான அளவு பதிவாகியிருந்தது. இதனால் வெண்தலைக் கழுகுகளின் ஆண்டு வளர்ச்சி வீதம் சுமார் 4 சதவீதமும், பொன்னிறக் கழுகுகளின் வளர்ச்சி சுமார் 1 சதவீதமும் குறைவதாக அந்த ஆய்வு கணித்தது. வெண்தலைக் கழுகு அமெரிக்காவின் அடையாளம். அரசு முத்திரையிலேயே இருக்கும் பறவை!

வீட்டு ஃப்ரீசரில் என்ன?

பறவையை விடுங்கள், மனிதர்களுக்கு வருவோம். 'காயம்பட்ட இடத்தை வெட்டி எறிந்துவிட்டால் போச்சு' என்பதுதான் பல தலைமுறையாக வரும் பழக்கம். எக்ஸ்ரே அதை உடைத்துவிட்டது.

2009-ல் வெளியான ஓர் ஆய்வில் ஈயக் குண்டால் சுடப்பட்ட 30 மான்களை எடுத்துக்கொண்டார்கள். குடல் நீக்கிய பிறகும் ஒவ்வோர் உடலிலும் சராசரியாகச் சுமார் 136 உலோகத் துகள்கள் தெரிந்தன. மான்களை வழக்கமான இறைச்சிக் கூடங்களுக்கு அனுப்பிக் கொத்துக்கறி போடச் சொன்னார்கள். பொட்டலங்களைத் திரும்ப எக்ஸ்ரே எடுத்தால், 30 மான்களில் 24-ன் இறைச்சியில் குறைந்தது ஒரு பொட்டலத்திலாவது துகள் இருந்தது. அந்தக் கறியைப் பன்றிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. அதாவது துகள் அப்படியே வெளியே போய்விடவில்லை, உடலில் சேர்ந்தது.

2008-ல் வடக்கு டகோட்டாவில், வேட்டைக்காரர்கள் ஏழைகளுக்காக உணவு வங்கிகளுக்குத் தானமாகக் கொடுத்த மான் இறைச்சியில் ஈயத் துகள்கள் இருப்பது தெரிந்ததும், அதைத் தூக்கிப் போடும்படி மாநிலச் சுகாதாரத் துறை சொன்னது. நல்ல மனதோடு கொடுத்த உணவு. வாங்கியவர்களோ வேறு வழியில்லாதவர்கள். பெரிய அதிர்ச்சி அது.

இங்கே பயத்தைக் கிளப்பாமல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே மாநிலத்தில் மத்திய நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 738 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தது. வேட்டை இறைச்சி சாப்பிடுபவர்களிடம் ஈயம் கொஞ்சம் அதிகம்தான்: டெசிலிட்டருக்கு 0.30 மைக்ரோகிராம். அப்போது அபாய எல்லையாகக் கருதப்பட்ட 10 மைக்ரோகிராமை யாரும் எட்டவில்லை. ஒரு பிளேட் எல்க் கறி சாப்பிட்டால் விஷம் ஏறி விழுந்துவிடுவார்கள் என்று சொல்வது பொய்.

ஆனால், 'கொஞ்சம்தானே' என்ற சமாதானம் குழந்தைகளிடம் எடுபடாது. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று இல்லை என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு. 10 மைக்ரோகிராமில் இருந்த அந்த எல்லையை சி.டி.சி. படிப்படியாக இறக்கி, 2021-ல் 3.5 ஆக்கிவிட்டது. வருஷம் முழுக்க அதே ஃப்ரீசரிலிருந்து சாப்பிடும் வீட்டில் ஒரு சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் கணக்கே வேறு. செம்பு உடலுக்குச் சிறு அளவில் தேவையான சத்து. ஈயத்துக்கு உடலில் ஒரு வேலையும் கிடையாது.

காண்டோரும் சட்டமும்

இந்த விவாதத்தைச் சட்டமன்றம்வரை இழுத்து வந்தது ஒரு பறவை. கலிஃபோர்னியா காண்டோர். இறக்கையை விரித்தால் 9 அடிக்கு மேல் இருக்கும் பிணந்தின்னி. 1982-ல் உலகில் மிஞ்சியது 22 மட்டுமே. 1987-ல் காட்டில் இருந்த கடைசிக் காண்டோரையும் பிடித்து, கூண்டில் இனப்பெருக்கம் செய்ய வைத்து, 1992 முதல் திரும்பக் காட்டில் விட்டார்கள். இன்று 500-க்கும் மேல். ஆனால், காட்டில் விட்ட பறவைகளை அதிகம் கொல்வது ஈய விஷம்தான்.

கலிஃபோர்னியா தடையைத் தேர்ந்தெடுத்தது. 2008-ல் காண்டோர் வாழும் பகுதியில் ஈயக் குண்டுக்குத் தடை. 2013-ல் மாநிலம் முழுவதற்குமான சட்டத்தில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்டார். 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. துப்பாக்கி ஆதரவு அமைப்பான என்.ஆர்.ஏ. கடுமையாக எதிர்த்தது. 'இது பின்வாசல் வழியாக வரும் வேட்டைத் தடை' என்பது எதிர்ப்பாளர்களின் வாதம்.

அரிசோனா வேறு வழியில் போனது. கைபாப் பீடபூமியில் வேட்டை உரிமம் பெற்றவர்களுக்கு 2005 முதல் ஈயமில்லாத தோட்டாவை இலவசமாகக் கொடுத்தது. கட்டாயம் இல்லை. ஈயத்தால் சுட்டவர்கள், குடல் குவியலைக் காட்டில் விடாமல் எடுத்துக்கொண்டு வந்தால் போதும் என்றது. பல ஆண்டுகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட வேட்டைக்காரர்கள் ஏதோ ஒரு வகையில் ஒத்துழைத்தார்கள்.

எல்க் விஷயத்தில் நேரடிச் சான்று திரும்பவும் ஜாக்சன் ஹோலில்தான் இருக்கிறது. 2009, 2010-ல் அங்கு எல்க் வேட்டைக்காரர்களுக்கு ஆய்வாளர்கள் ஈயமில்லாத தோட்டா வழங்கினார்கள். வேட்டையில் வெற்றி பெற்றவர்களில் முதல் வருஷம் 24 சதவீதம் பேர், அடுத்த வருஷம் 31 சதவீதம் பேர் அதைப் பயன்படுத்தினார்கள். மூன்றில் ஒருவர்கூட முழுசாக மாறவில்லை. அதற்கே வெண்தலைக் கழுகுகளின் ரத்தத்தில் ஈயம் குறைந்தது தெரிந்தது. அருகிலுள்ள கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவில் 1950-ம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் எல்க் குறைப்புத் திட்டத்தில் இன்று ஈயமில்லாத தோட்டா கட்டாயம்.

தேசிய அளவில் கதை சீசா மாதிரி. நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சன்னங்களுக்கு 1991 முதல் நாடு முழுக்கத் தடை. அப்போதும் 'வாத்து வேட்டையே அழிந்துவிடும்' என்றார்கள்; அழியவில்லை. 2017 ஜனவரி 19 அன்று, ஒபாமா பதவியின் கடைசி முழு நாளில், தேசிய வன உயிர்ப் புகலிடங்களில் ஈயத்தைப் படிப்படியாக நிறுத்த உத்தரவு வந்தது. ஆறே வாரத்தில், டிரம்ப் அரசின் உள்துறைச் செயலர் ரயன் ஜிங்கி அதை ரத்து செய்தார். குண்டில் எந்த உலோகம் என்ற கேள்வி, எந்தக் கட்சி என்ற கேள்வியாக மாறிய இடம் அது.

டென்மார்க் இந்தக் குழப்பமெல்லாம் இல்லாமல் 1996-ல் ஈயச் சன்னங்களையும், 2024 ஏப்ரலில் ஈய ரைஃபிள் குண்டுகளையும் நிறுத்திவிட்டது. அங்கும் வேட்டை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஈயத்தின் பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. அதைக் கேட்காமல் தீர்ப்பு சொல்வது சரியில்லை.

* விலை: சாதாரண ஈயத் தோட்டாவைவிடச் செம்பு விலை அதிகம். உயர்ரக ஈயத் தோட்டாவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் குறைவு. ஆனால், ஃப்ரீசருக்காக வேட்டையாடும் குடும்பம் வாங்குவது மலிவான பெட்டியைத்தான்.

* கிடைப்பது: 30-06, 308 போன்ற பிரபல அளவுகளில் செம்பு கிடைக்கும். தாத்தா காலத்து ரைஃபிளுக்குக் கிராமத்துக் கடையில் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

* பழைய துப்பாக்கி: சில குழல்களுக்குச் செம்பு ஒத்துவருவதில்லை. குறி தவறினால் விலங்குதான் துன்பப்படும். காயத்தோடு ஓடும் எல்க்கும் ஒரு சுற்றுச்சூழல் பிரச்சினைதான்.

* தடையின் எல்லை: கலிஃபோர்னியாவில் சட்டம் வந்த உடனே காண்டோர்களின் ரத்தத்தில் ஈயம் குறைந்துவிடவில்லை. சட்டம் காகிதத்தில் இருக்கும். மலையில் யார் எதைச் சுடுகிறார்கள் என்று பார்க்க ஆள் வேண்டும்.

இவை எல்லாமே உண்மை. ஆனால், ஒன்றைக் கவனிக்கலாம். இவை அனைத்தும் செம்புக்கு மாறுவதில் உள்ள சிரமங்கள். ஈயம் சிதறவில்லை, கழுகு சாகவில்லை, கறியில் துகள் இல்லை என்று மறுக்கும் வாதம் ஒன்றுகூட இதில் இல்லை. சிரமங்களுக்குப் பணத்தாலும் பயிற்சியாலும் தீர்வு உண்டு. எக்ஸ்ரேயில் தெரியும் துகளுக்கு அப்படி ஒரு தீர்வு இல்லை.

விலைக் கணக்கையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். எல்க் வேட்டைக்காரர் ஒரு சீசனில் விலங்கை நோக்கிச் சுடுவது ஒன்றோ, இரண்டோ முறைதான். வெளிமாநிலத்தவருக்கு உரிமக் கட்டணமே பல நூறு டாலர். பெட்ரோல், முகாம், இறைச்சி வெட்டும் கூலி எல்லாம் தனி. அந்த மொத்தச் செலவில் குண்டின் விலை வித்தியாசம் ரொம்பச் சின்னது. உள்ளூர் ஏழைக் குடும்பத்துக்கு அதுவும் பாரம்தான். அங்கேதான் அரசு கை கொடுக்க வேண்டும்.

இந்தியா கற்ற பாடம்

மருந்தோ, குண்டோ, உயிரை எடுக்காமல் உடலில் தங்கிய விஷம் பிணந்தின்னிப் பறவையைக் கொல்லும் கதை இந்தியாவுக்குப் புதிதில்லை. மாடுகளுக்கு வலி நிவாரணியாகக் கொடுத்த டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. காரணம் இந்த மருந்துதான் என்பது 2004-ல் உறுதியானது. 2006-ல் இந்தியா கால்நடைக்கு அதைத் தடை செய்தது. இன்று தமிழ்நாட்டில் முதுமலையை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகள், அந்த அழிவில் தப்பியவற்றின் வாரிசுகள்.

அதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, தடை எடுபட வேண்டுமென்றால் கையில் மாற்று இருக்க வேண்டும். மெலாக்சிகாம் என்ற பாதுகாப்பான மருந்து இருந்தது. இரண்டு, ஓட்டையை அடைக்க வேண்டும். மனிதர்களுக்கான பெரிய டைக்ளோஃபினாக் குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்ததால், 2015-ல் குப்பியின் அளவையே 3 மில்லியாகச் சுருக்க வேண்டியிருந்தது. எல்க் வேட்டையில் மாற்று தயாராகவே இருக்கிறது. 1989-லிருந்தே!

ஆக, எது சரி?

எல்க்கைப் பொறுத்தவரை பதில் தெளிவு: நியாயமான தூரத்தில், நவீன ரைஃபிளில் சுடுபவருக்குச் செம்புதான் சரி. அந்த வேலைக்கு அது ஈயத்துக்குக் குறைந்ததில்லை. கனத்த எலும்பு என்று வந்தால் ஒரு படி மேல். சுட்ட பிறகு அது காட்டில் விட்டுச் செல்வதும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

இன்னும் ஈயத்தையே நம்பியிருப்பவர்கள் செய்யக்கூடியவையும் உண்டு. சிதறல் குறைந்த, உறையோடு ஒட்டவைக்கப்பட்ட குண்டைத் தேர்ந்தெடுக்கலாம். காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியலாம். தண்ணீரில் கழுவுவதால் துகள் மற்ற இடங்களுக்கும் பரவும் என்பதை நினைவில் வைக்கலாம். குடல் குவியலைப் புதைக்கலாம் அல்லது எடுத்து வரலாம். குழந்தைகளின் தட்டில் அந்தக் கறியைப் போடாமல் இருக்கலாம்.

மாநிலங்கள் செய்ய வேண்டியது, அரிசோனாவும் ஜாக்சன் ஹோலும் காட்டிய வழியில் தொடங்குவது. உரிமத்தோடு ஒரு பெட்டி செம்புத் தோட்டா, குறியைச் சரிசெய்ய இன்னொரு பெட்டி. ஏற்கெனவே ஒவ்வொரு தோட்டாவிலும் 11 சதவீதம் வன உயிருக்காக வசூலாகிறது. அந்த வன உயிரை விஷத்திலிருந்து காக்க அதில் ஒரு பங்கைச் செலவிடுவதில் தப்பே இல்லை. எல்லா அளவுகளிலும் தோட்டா கிடைக்க ஆரம்பித்த பிறகு, ஒரு தேதி குறித்து ஈயத்துக்கு விடை கொடுக்கலாம். முதல் நாளே தடை என்றால் எதிர்ப்புதான் மிஞ்சும். தேதியே இல்லாமல் இலவசம் மட்டும் என்றால் ஜாக்சன் ஹோல் போல மூன்றில் ஒரு பங்கில் நின்றுவிடும்.

'நான் சுடும் விலங்கைத் தவிர வேறெதையும் கொல்ல மாட்டேன்' என்பது வேட்டைக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பழைய ஒழுக்கம். ஈயக் குண்டோடு அந்த வாக்கைக் காப்பாற்ற வழியில்லை என்பது இப்போது எக்ஸ்ரே படத்தில் தெரிந்துவிட்டது. செம்புக் குண்டு கடை அலமாரியில் 30 வருஷத்துக்கும் மேலாகக் காத்திருக்கிறது.